வாழ்க்கைக்குப் பொதுவான அர்த்தம் உண்டா, ஆளுக்கொரு நோக்கம் மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு அளவையியல் (தர்க்கம்) படிப்பிக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தக் கேள்வி வகுப்பு முடிந்தபிறகு வரும், செத்தவீட்டுப் பந்தலில் வரும், பிள்ளையை ஏற்றிப் போக வந்த பெற்றோரிடமிருந்தும் வரும். ஆட்கள் வேறாக இருந்தாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைத் தந்து, என்னால் முடிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கோ, இல்லையோ? சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ.

இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மனிதர் எல்லாரும் ஏதோ ஒன்றுக்காகவே இந்த உலகத்துக்கு வந்திருக்கிறோமா என்பது முதலாவது. ஒருவர் வாழ்ந்ததைப் பார்த்து, இது வாழத் தகுந்த வாழ்க்கைதான் என்று சொல்ல முடியுமா என்பது இரண்டாவது. முதலாவதைப் பற்றி இரண்டாயிரம் வருடங்களுக்கு மேலாக வாதாடுகிறார்கள், இன்னும் தீரவில்லை. இரண்டாவதற்கு ‘முடியும்’ என்பதே என் பதில். அதைச் சொல்ல, முதலாவது தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நான் நிற்கும் இடத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் ஒரே வேலை என்று உலகத்தில் எழுதி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்காக ‘அவரவர் விருப்பம்தான் அர்த்தம்’ என்பதையும் நான் ஏற்கவில்லை. நோக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடும். எந்த நோக்கம் பெறுமதியானது என்று பார்க்கும் அளவுகோல் மட்டும் எல்லாருக்கும் பொது.

சைவம் வீடுபேறு எண்டுதானே சொல்லுது? அப்ப எல்லாருக்கும் பொதுவா ஒண்டு இருக்குத்தானே?

சைவசித்தாந்தத்தின்படி நிச்சயமாக இருக்கிறது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றுமே தொடக்கம் இல்லாதவை. உயிரை இறைவன் படைக்கவில்லை. ஆணவம் என்ற அறியாமை இருளால் மறைந்து கிடக்கிற உயிருக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்று உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் அனுபவத்தையும் கொடுத்து, அது பக்குவப்பட வழிசெய்கிறான். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் அடக்கிச் சொன்ன கொள்கை இது. இந்தக் கணக்கில் உலகம் இருப்பதே உயிர்கள் திருவடி சேர்வதற்காகத்தான்.

அதே சித்தாந்தம், எல்லா உயிரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வினை வேறு, பக்குவம் வேறு. சரியை (தொண்டு), கிரியை (பூசை), யோகம், ஞானம் என்று நாலு வழி வகுத்து, உழவாரப்படையோடு கோயில் வீதியில் புல்லுச் செதுக்கிய அப்பரைச் சரியைக்கும் மாணிக்கவாசகரை ஞானத்துக்கும் காட்டுவார்கள். இரண்டு பேரும் வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்தவர்கள். ‘பொது அர்த்தமா, தனி நோக்கமா’ என்று ஒன்றை மட்டும் தெரிவு செய்யச் சொல்லும்போது, நம்முடைய மரபு அப்படித் தெரிவு செய்யவில்லை என்பதை முதலில் ஞாபகப்படுத்த விரும்புகிறேன்.

வேதக்கார (கிறிஸ்தவ) ஆக்களும் முஸ்லிம் ஆக்களும் இதைத்தானே வேறை சொல்லிலை சொல்லுகினம்?

இல்லை. அப்படிச் சொல்வது மரியாதை போலத் தெரியும், ஆனால் அது ஒருவருக்கும் நியாயம் செய்யாது. இறைவனை வணங்குவதற்காகவே மனிதர் படைக்கப்பட்டார்கள் என்பது குர்ஆனின் 51ஆம் அத்தியாயத்தில் நேராகவே இருக்கிறது. கிறிஸ்தவத்தில் உயிர் படைக்கப்பட்டது, சித்தாந்தத்தில் படைக்கப்படவில்லை. பௌத்தம் துக்கத்தை அறுப்பதைச் சொல்லும், ஆனால் நிலையான உயிர் ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளாது. எல்லாருக்கும் பொதுவான முடிவு ஒன்று உண்டு என்பது வரைக்கும்தான் ஒற்றுமை.

இத்தனை பேர் வேறு வேறு பதில் சொல்வதால் எல்லாமே பொய் என்றும் ஆகிவிடாது. ஒரு கணக்குக்கு வகுப்பில் நாலு விடை வந்தால், சரியான விடையே கிடையாது என்று நாம் சொல்வதில்லைத்தானே.

கடவுளை நம்பாட்டி வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லையோ?

1945இல் பாரிசில் ஆற்றிய உரையில் பிரெஞ்சு மெய்யியலாளர் ழான் போல் சார்த்தர் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். அவர் காகிதம் வெட்டும் கத்தியை உதாரணமாக எடுத்தார். நாம் தேங்காய் திருவும் திருவலையை எடுப்போம். அதைச் செய்த கம்மாலைக்காரருக்கு, செய்வதற்கு முன்பே அது எதற்கு என்று தெரியும். மனிதரை அப்படி முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்த ஒருவர் இல்லையென்றால், மனிதர் முதலில் இருக்கிறார், பிறகுதான் தான் என்ன என்பதைத் தன் செயலால் ஆக்குகிறார் என்பது அவர் வாதம்.

இதில் பாதி எனக்குச் சரியாகப் படுகிறது. ஒருவர் ஒரு நோக்கத்தோடு உங்களைப் படைத்தார் என்பதால் மட்டும் உங்கள் வாழ்க்கைக்குப் பெறுமதி வந்துவிடாது. கூலியில்லாமல் உழைக்கவென்றே ஒரு பிள்ளையைப் பெற்ற தகப்பனை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு நோக்கம் இருக்கிறது, தந்தவர் பெற்றவரே, ஆனால் அந்த நோக்கம் பிள்ளையின் வாழ்க்கையை உயர்த்துகிறதா? நோக்கம் நல்லதாக இருக்க வேண்டும். நம்பிக்கை உள்ளவர்களும் இறைவன் நல்லவன் என்பதால்தான் அவன் வைத்த முடிவை நாடுகிறார்கள். நல்லது எது என்ற கேள்வி, நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் ஒரே இடத்தில்தான் காத்திருக்கிறது.

அப்ப அவரவர் எதை அர்த்தம் எண்டு நினைக்கினமோ, அதுதான் அர்த்தமோ?

சார்த்தரோடு நான் பிரிவது இங்கேதான். சிசிபஸ் என்ற கிரேக்கக் கதை தெரிந்திருக்கும். தேவர்களின் தண்டனையால் ஒரு பாறையை மலையுச்சிக்கு உருட்டிப் போகிறான், பாறை திரும்பக் கீழே உருள்கிறது, முடிவே இல்லை. 1970இல் ரிச்சர்ட் டெய்லர் என்ற அமெரிக்க மெய்யியலாளர் இந்தக் கதையில் ஒரு மாற்றம் செய்தார். தேவர்கள் இரங்கி, பாறை உருட்டுவதில் தீராத ஆசையை அவனுக்குள் வைத்துவிடுகிறார்கள். இப்போது அவனுக்குத் தண்டனையே இல்லை, விரும்பியதையே எந்நேரமும் செய்கிறான். அவன் வாழ்க்கைக்கு அர்த்தம் வந்துவிட்டதா? டெய்லர் வந்துவிட்டது என்றார். எனக்கு அந்த சிசிபசைப் பார்த்தால் முன்பைவிடக் கூடுதலாக இரக்கம் வருகிறது.

நம்முடைய ஊர்களில் இதற்குச் சமமான வாழ்க்கையை எல்லாரும் பார்த்திருப்பார்கள். இரண்டு முழம் வேலி தள்ளிப்போட்டதற்காகப் பக்கத்து வளவுக்காரரோடு வருடக்கணக்காக வழக்காடுகிறவர். காலையில் எழும்பினால் அதே யோசனை. உறுதிக் கட்டு, சட்டத்தரணி, தவணை. ஈடுபாடு என்று பார்த்தால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. வழக்கு வென்றாலும், போன வருடங்களுக்கு அந்த இரண்டு முழம் ஈடாகுமா? ஆகாது என்று நாம் சொல்லும்போது, அவர் நினைப்பதற்கு வெளியே உள்ள ஓர் அளவுகோலைப் பாவிக்கிறோம்.

சூசன் வூல்ஃப் என்ற மெய்யியலாளர் சொல்வது எனக்கு இதில் பொருத்தமாக இருக்கிறது. மனம் ஒன்ற வேண்டும், மனம் ஒன்றும் விஷயம் அதற்குத் தகுதியானதாகவும் இருக்க வேண்டும். விருப்பமே இல்லாமல் நல்ல வேலை செய்து வாடுகிறவருக்கு முதலாவது இல்லை. வேலி வழக்குக்காரருக்கு இரண்டாவது இல்லை.

ஏ.எல். சோதினை மூண்டாம் தரமும் சரிவரேல்லை. டொக்டரா வாறதுதான் என்ர நோக்கம். இனி என்னத்துக்கு இருக்க வேணும்?

இதைக் கேட்கிற பிள்ளை முதலில் தன் வலியைச் சொல்கிறது. அதனால் முதல் பதிலும் மெய்யியல் இல்லை. வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். பெற்றோர் இதை வாசித்தால், பெறுபேறு வந்த கிழமை பிள்ளையைத் தனியே விடாதீர்கள், சொந்தக்காரரின் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கதைக்காதீர்கள்.

அடுத்தது, அந்த நோக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆறுதலாகப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மருத்துவமும் பொறியியலும் ஒரு பிள்ளை நடக்கப் பழகும்போதே பெயரோடு சேர்ந்து ஒட்டிவிடுகின்றன. இருந்த காணியும் வீடும் போன காலத்தில், கொண்டு ஓடக்கூடிய ஒரே சொத்துப் படிப்பு என்று நம்பிய பெற்றோரின் பயம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பயத்திலிருந்து பிறந்த ஒரு குறிக்கோள் தவறியதும் வாழ்க்கையே தவறிவிட்டது என்று ஒரு பிள்ளையை நினைக்க வைத்தது நம்முடைய சமூகத்தின் கொடுமை.

உங்களை டொக்டர் ஆக விரும்ப வைத்தது எது? நோயாளியைத் தேற்றுவது என்றால், தாதியரும் மருந்தாளரும் இயன்மருத்துவரும் உளவளத்துணையாளரும் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். உடம்பு எப்படி இயங்குகிறது என்ற வியப்பு என்றால், உயிரியலுக்கு வேறு கதவுகள் உண்டு. ஊர் மரியாதை மட்டும்தான் என்றால், அது போனது நல்லதுக்குத்தான் என்று இன்னும் சில வருடங்களில் உங்களுக்கே படலாம். போனது ஒரு பாதை. அந்தப் பாதையில் உங்களை நடக்க வைத்த விஷயம் பெறுமதியானது என்றால், அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

கடைசியில் எல்லாரும் கீரிமலைக் கடலில் சாம்பலாக் கரையிறதுதானே. என்ன செய்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க மெய்யியலாளர் தோமஸ் நேகல் 1971இல் கொடுத்த பதிலை மாணவர்கள் மிகவும் விரும்புவார்கள். இன்று நாம் செய்வது எதுவும் பத்து லட்சம் வருடம் கழித்துப் பொருட்டில்லை என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் பத்து லட்சம் வருடம் கழித்து நடக்கப்போகிற எதுவும் இன்றைக்குப் பொருட்டில்லை. அப்போது பொருட்டில்லாமல் போகும் என்ற அந்தச் செய்தியும் அதற்குள் அடக்கம்.

நீண்டு நிற்பதால் மட்டும் ஒன்று பெறுமதி ஆகாது. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு இரவு முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்டது, விடிந்ததும் முடிந்துவிட்டது. முடிந்ததால் அது வீணா?

அந்தியேட்டிக் கல்வெட்டிலை எல்லாரையும் உத்தமர் எண்டுதானே எழுதுகினம். அதை வைச்சு ஒரு வாழ்க்கையை மதிக்கேலுமோ?

வெளியூர் வாசகர்களுக்காக: யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டி முடிய, வந்தவர்களுக்கு ஒரு சிறு நூல் கொடுப்பார்கள். தேவார திருவாசகம், வம்சாவழி, இறந்தவரைப் பற்றிய பாட்டு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் இரங்கல் எல்லாம் இருக்கும். கல்வெட்டு என்று பெயர். நான் அவற்றை எறிவதில்லை.

முகப்புரையில் பட்டம், பதவி, பிள்ளைகள் இருக்கும் நாடுகள். அவை எல்லாருக்கும் ஒன்று போலத்தான். பேரப்பிள்ளை எழுதிய பக்கத்துக்குப் போங்கள். இடம்பெயர்ந்து போன பள்ளிக்கூடத்தில் தெரியாத குடும்பங்களுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சியவர், பாடம் ஏறாத பிள்ளைகளைப் பின்னேரம் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காசு வாங்காமல் படிப்பித்தவர் என்று அங்கேதான் ஆள் தெரிவார். எழுதுகிறவர்கள் மெய்யியல் படித்தவர்கள் இல்லை, ஆனால் எதை எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. புறநானூற்றின் 182ஆம் பாட்டில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியும், தமக்கென்று இல்லாமல் பிறர்க்கென முயல்கிறவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இருக்கிறது என்கிறார். சங்க காலத்து அரசனுக்கும் இன்றைய பேரப்பிள்ளைக்கும் கண் ஒரே இடத்தில் போய் நிற்கிறது. முதல் பதிலில் பொது அளவுகோல் என்று நான் சொன்னதற்கு என்னிடம் உள்ள பலமான சாட்சி இது.

பிள்ளையளுக்காகத்தான் வாழ்ந்தம். அவையள் கனடா போட்டினம். இனி எங்களுக்கு என்ன?

ஒரு தலைமுறையின் அர்த்தம் அடுத்த தலைமுறை மட்டும்தான் என்றால், அந்தத் தலைமுறைக்கு அதற்கு அடுத்தது. கடன் கைமாறிக்கொண்டே போகும், யாரும் வாழ்ந்ததாக இருக்காது. உங்கள் பிள்ளைகளின் வாழ்க்கை அதனளவிலேயே பெறுமதியானது என்று நம்பித்தானே வளர்த்தீர்கள்? அப்படியென்றால் உங்களுடையதும் அதனளவிலேயே பெறுமதியானது. வளர்த்து முடித்த பிறகும் அது குறையவில்லை. சனசமூக நிலையம், கோயில் மடப்பள்ளி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வாசிப்பு என்று உங்கள் அனுபவத்துக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது. வாட்ஸ்அப் அழைப்புக்காக மட்டும் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டாம்.

எல்லாத்தையும் இழந்த ஆக்களிட்டைப் போய் உங்கட துன்பத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்கு எண்டு சொல்லுவியளோ?

சொல்ல மாட்டேன். 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கானோர் போரால் இடம்பெயர்ந்து ஒரே இரவில் நடந்தார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததை வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இழப்புக்குள் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது என்று இழந்தவரிடம் இன்னொருவர் சொல்வது அநீதி. நாசி முகாம்களில் இருந்து தப்பிய வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கிளை இதற்குத் துணைக்கு இழுப்பார்கள். தவிர்க்க முடியாத துன்பத்தில் ஒரு மனிதர் எப்படி நிற்கிறார் என்பதில் அர்த்தம் காணலாம் என்றுதான் அவர் சொன்னார். தவிர்க்கக்கூடிய துன்பம் என்றால் அதன் காரணத்தை நீக்குவதே அர்த்தமுள்ள செயல் என்பதும் அவர் சொன்னதுதான். இரண்டாவதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

2017 முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வடக்கில் தெருவோரக் கொட்டில்களில் பிள்ளையின் படத்தோடு தொடர்ந்து இருந்திருக்கிறார்கள். ‘நோக்கத்தை நாம் தெரிவு செய்கிறோம்’ என்ற சார்த்தரின் பேச்சு அவர்கள் முன்னால் போதாமல் போகிறது. அந்த நோக்கத்தை அவர்கள் தெரிவு செய்யவில்லை, அது அவர்கள் தலையில் விழுந்தது. ஆனாலும் அதைவிட உண்மையான நோக்கத்தை நான் பார்த்ததில்லை. நாம் நேசிப்பவர்கள் நம்மிடம் கேட்பதிலிருந்தே பல நோக்கங்கள் வருகின்றன. நாம் செய்வது பெரும்பாலும் அவற்றை ஏற்பதா, விடுவதா என்பது மட்டும்தான்.

யோகர் சுவாமி ‘எப்பவோ முடிந்த காரியம்’ எண்டார். அப்ப நாங்கள் ஏன் மினக்கெட வேணும்?

‘ஒரு பொல்லாப்பும் இல்லை’, ‘நாம் அறியோம்’, ‘முழுதும் உண்மை’ என்பவற்றோடு சேர்த்து வாசிக்க வேண்டிய வாக்கியம் அது. யாழ்ப்பாணத்து ஞானியான அவரைச் சோம்பலுக்குச் சாட்சியாக அழைக்க முடியாது. கொழும்புத்துறைக் குடிலுக்கு வந்தவர்களைத் தங்கள் தங்கள் வேலையைச் சிவதொண்டாகச் செய்யச் சொல்லி அனுப்பியவர். அவர் வழிகாட்டலில் 1935இல் தொடங்கிய இதழுக்கும் ‘சிவதொண்டன்’ என்றே பெயர். முடிந்த காரியம் என்று அறிந்தவருக்குப் பலனைப் பற்றிய பதற்றம் போகும், கை வேலையை விடாது.

கணியன் பூங்குன்றனாரும் இதே பாதையில்தான் நடக்கிறார். ஆற்றுநீரின் வழியே போகும் தெப்பம் போல உயிர் முறைவழிப் போகும் என்று சொல்லிவிட்டு, அதனால் எதையும் செய்யாதே என்று அவர் முடிக்கவில்லை. பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்று முடிக்கிறார்.

தன்னைவிடப் பெரிய ஒண்டுக்காக வாழ்ந்தால் அது அர்த்தமுள்ள வாழ்க்கைதானே? இதுக்கு மேலை என்ன அளவுகோல்?

பெரியது என்பது போதாது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் முழுவதையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகரில் இருந்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்தக் கட்டளையை நிறைவேற்றியவர்களிலும் தன்னலம் இல்லாத, உயிரையே கொடுக்கத் துணிந்த இளைஞர்கள் இருந்தார்கள். பெரிய நோக்கமும் முழு ஈடுபாடும் இருந்தும், செய்தது பிழை. நம்மவர்கள் செய்தது என்பதால் இதை இந்தப் பக்கத்தில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் தன் நோக்கத்தில் கண்ட அர்த்தம், அதன் விலையைக் கொடுத்த இன்னொருவருக்குப் பதில் ஆகாது.

எது பெறுமதி எண்டு ஆர் தீர்மானிக்கிறது? நீங்களோ?

இந்தப் பக்கத்துக்கு எதிரான பலமான கேள்வி இதுதான். நான் தீர்மானிக்கவில்லை, பெரும்பான்மையும் தீர்மானிப்பதில்லை. பெரும்பான்மை எத்தனையோ காலம் சாதியின் பேரால் ஆட்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் அதை எதிர்த்து ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அதில் நின்றவர்கள் ஊரின் அளவுகோலை ஏற்கவில்லை, அது பிழை என்றார்கள். தீர்மானித்தால் அதுதான் சரி என்றிருந்தால், ‘பிழை’ என்ற அவர்களின் சொல்லுக்கே இடம் இருந்திருக்காது. அவர்கள் சொன்னது உண்மை என்று இன்று நாம் ஒத்துக்கொள்கிறோம் என்றால், நாம் எல்லாரும் சேர்ந்தும் தவறக்கூடிய ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், காரணம் சொல்லிக் கேட்டுத் திருத்தித்தான். நான் பாவிக்கும் சோதனை ஒன்று உண்டு. உங்கள் நோக்கத்தால் பாதிக்கப்படுகிறவரை முன்னால் இருத்தி, அவர் முகத்தைப் பார்த்து உங்கள் காரணத்தைச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். வேலி வழக்கை இதில் வைத்துப் பார்க்கலாம், 1990ஐயும் பார்க்கலாம். பாதிக்கப்படுகிறவரே இல்லாத நோக்கங்களுக்கு, உதாரணமாகத் தனக்காக மட்டும் வீணை பழகுகிற ஒருவருக்கு, இந்தச் சோதனை உதவாது. அங்கே வூல்ஃபின் இரண்டு நிபந்தனைகளுக்குத்தான் திரும்பப் போக வேண்டும். வீணை தகுதியானது என்று ஏன் உடனே படுகிறது என்பதை இந்த வருட மாணவர்களோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.